ஃபர்ஸ்ட் லெகோ லீக் சீசனில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா? டர்பனிலிருந்து ஒரு விமர்சனம்

பிள்ளைகள் அணியாகச் சேர்ந்து லெகோ ரோபோ கட்டி, ஒரு திட்டமும் செய்து போட்டியிடுவதுதான் ஃபர்ஸ்ட் லெகோ லீக். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ரோபோ ஓட்டுகிற போட்டி என்று மட்டும் நினைத்துச் சேர்க்காதீர்கள். மொத்த மதிப்பெண்ணில் நாலில் மூன்று பங்கு ரோபோ ஓடும் மேசைக்கு வெளியேதான் இருக்கிறது. அது தெரியாமல் ஆகஸ்டிலிருந்து மேசையைச் சுற்றியே நின்றுவிட்டு, போட்டி நாளன்று நடுவர்கள் அறையில் வாயடைத்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் உழைக்காத பிள்ளைகள் இல்லை, எங்கே உழைக்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகளிலிருந்தே எட்டுப் பேரைச் சேர்த்து 2024 சீசனில் ஓர் அணியாகப் பதிவு செய்தோம். பள்ளி அணியாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோவில், நூலகம், தெருவில் நாலு குடும்பம், யார் வேண்டுமானாலும் அணி அமைக்கலாம். இது பலருக்குத் தெரியவில்லை. "எங்கள் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் இல்லையே" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு பெரியவர்கள் கோச்சாக நிற்க வேண்டும். எங்களுக்கு நானும், அணியில் இருக்கும் ஒரு பெண்ணின் மாமாவும். அவர் எலக்ட்ரீஷியன், அதற்கு முன் லெகோவைத் தொட்டதே கிடையாது. அதனால் ஒரு குறையும் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஃபர்ஸ்ட் என்ற அமைப்பை அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் தொடங்கினார், லெகோவோடு சேர்ந்து நடத்தும் இந்த லீக் அதற்குச் சுமார் பத்து ஆண்டுகள் கழித்து வந்தது. நாங்கள் சேர்ந்த 2024 சீசனில் சேலஞ்ச் என்ற பிரிவு 9 வயதிலிருந்து 16 வரை, ஓர் அணியில் அதிகபட்சம் பத்துப் பேர். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் வாக்கில் ஒரு புதுத் தலைப்பு வரும். 2023இல் கலைகள், 2024இல் கடல், 2025இல் தொல்லியல். தலைப்புக்கு ஏற்ற லெகோ மாடல்கள், விரிக்க ஒரு மேட், விதிப்புத்தகம் எல்லாம் வரும். மதிப்பிடுவது நான்கு பகுதிகளாக: ரோபோ ஆட்டம், ரோபோவின் வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அணிப் பண்புகள். நாலுக்கும் சம எடை, ஆளுக்குக் கால் பங்கு. இந்த ஒரு வரியை மண்டபச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தால் பாதிச் சண்டை குறையும்.

சரி, முதலில் பிள்ளைகளை இழுப்பது மேசைதானே, அதைப் பார்ப்போம். 2024 விதிப்படி சொல்கிறேன்: ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். ரிமோட் கிடையாது, பிள்ளைகள் எழுதிய புரோகிராமில் ரோபோ தானாகவே போய், மேட்டில் இருக்கும் மாடல்களை நகர்த்துவது, தூக்குவது மாதிரியான பணிகளை முடித்துவிட்டு வர வேண்டும். மோட்டார் ஒரே நேரத்தில் நாலுக்கு மேல் கூடாது. கையில் ஆறு டோக்கன் இருக்கும், ரோபோ தன் வீட்டுப் பகுதிக்கு (கிளம்பித் திரும்பி வரும் இடத்துக்கு) வெளியே இருக்கும்போது தடுத்தாலோ தூக்கினாலோ ஒன்று போய்விடும். ஆறு மிச்சமிருந்தாலும் 50 புள்ளி, ஐந்து இருந்தாலும் 50, நாலுக்கு இறங்கினால் 35. ஆக ஒரு தடவை கை வைக்கலாம், தாராளமாக வையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் டோக்கனுக்குப் பயந்து ரோபோ மூலையில் சிக்கி உறுமிக்கொண்டே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம், ஆட்டத்துக்கு முன் ரோபோவும் எல்லாத் துணைக் கருவிகளும் ஒரே புறப்பாட்டுப் பகுதிக்குள் அடங்கி, உயரம் 305 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சும்மா 20 புள்ளி. ஓடாமலே கிடைக்கிற இந்த இருபதை, கை நீளமாகக் கட்டிவிட்டுக் கோட்டை விடுகிற அணிகள் நிறைய.

மூன்று சுற்று ஆடலாம், அதில் மிக அதிகமான ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் சுற்று மோசமாகப் போனாலும் பிள்ளைகள் உடைந்துபோக வேண்டிய அவசியம் இல்லாத மாதிரி அமைத்திருக்கிறார்கள். அது நல்ல யோசனை.

ரோபோ ஏன் நேற்று சரியாக ஓடி இன்று தவறுகிறது என்பதுதான் எல்லா அணிக்கும் வருகிற தலைவலி. லெகோவின் ஸ்பைக் பிரைம் என்ற ரோபோ செட்டில் வரும் சக்கரத்தின் விட்டம் 5.6 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்குப் பதினேழரை சென்டிமீட்டர் போகும். ஒரு பக்கச் சக்கரம் துளி வழுக்கினாலும், மேசையின் அந்த முனைக்குப் போவதற்குள் இரண்டு விரல்கடை விலகிவிடும். எங்கள் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பூஜை நடந்த மறுநாளெல்லாம் ரோபோ இடது பக்கம் இழுத்தது. பெரிய பையன்கள் புரோகிராமைத் திறந்து எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அணியிலேயே சின்னவள், பத்து வயசு, சக்கரத்தைக் கழற்றி விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. விபூதி. காற்றில் பறந்து மேட்டில் படிந்ததை ரப்பர் சக்கரம் வாரிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னாலும் ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைப்பது அவள் பொறுப்பு, மேட்டை மூடிவைக்க ஒரு பழைய சேலையும் வந்துவிட்டது. மாற்றிய எண்களையெல்லாம் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நடுவர்களிடம் ரோபோ வடிவமைப்பைப் பற்றிப் பேசியபோது, சோதித்து மேம்படுத்தியதற்கு எடுத்துக்காட்டாக அவள் சொன்னது இதைத்தான், அதுவும் சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே.

ரோபோ எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் கைரோ சென்சாரை முழுக்க நம்பாதீர்கள். எந்தக் கைரோவாக இருந்தாலும் நேரம் ஆக ஆகக் கொஞ்சம் நகரும். புறப்படும் முன் ரோபோவை அசைக்காமல் வைத்துப் பூஜ்ஜியமாக்க வேண்டும். வாய்ப்புக் கிடைக்கிற இடத்திலெல்லாம் மேசைச் சுவரில் பின்பக்கத்தை முட்டி நேராக்கிக்கொள்ள வேண்டும். நிறம் பார்க்கும் சென்சாருக்கு மண்டப வெளிச்சம் வேறு, போட்டி நடக்கும் அரங்க வெளிச்சம் வேறு, அங்கே போய் மறுபடி அளந்துதான் ஆக வேண்டும். பேட்டரி முழுசாக இருப்பதும் பாதி இருப்பதும் வேகத்தில் தெரியும். இவ்வளவுதான் ரகசியம். நாலு பணியைப் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் செய்கிற ரோபோ, பன்னிரண்டு பணியை அதிர்ஷ்டத்தில் செய்கிற ரோபோவைவிட மேல்.

2024 மேசையில் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தது திமிங்கலத்துக்கு இரை ஊட்டும் பணி. கிரில் என்றால் திமிங்கலம் தின்னும் குட்டி இறால் மாதிரி உயிரி. அப்படி ஐந்து லெகோ கிரில், வாய்க்குள் போகிற ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. இந்த ஊரில் பிளஃப் பக்கம் 1975 வரை திமிங்கல வேட்டை நிலையம் நடந்தது என்பது பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் பணியை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். தலைப்பு நம் ஊரைத் தொடும்போது பிள்ளைகளின் ஆர்வம் தானாக ஏறும். அந்தத் தொடர்பை ஆகஸ்டிலேயே தேடிக் கண்டுபிடிப்பது கோச்சின் முக்கியமான வேலை என்று நினைக்கிறேன்.

இனி புத்தாக்கத் திட்டம். எனக்கு இந்த சீசனில் ஆகப் பிடித்த பகுதி. தலைப்புக்குள் வரும் ஓர் உண்மையான பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதற்குத் தீர்வு யோசித்து, செய்து பார்த்து, விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டி, திருத்த வேண்டும். 2017 அக்டோபரில் வந்த புயலில் டர்பன் துறைமுகத்தில் கப்பல்கள் மோதி, கொள்கலன்கள் தண்ணீரில் விழுந்து, 49 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்குகிற மூலப்பொருள் அது, குருணை மாதிரி வெள்ளையாக, சின்னதாக இருக்கும். பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்தவர் என்றால் பல்கலைக்கழகப் பேராசிரியர்தான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் போய்ப் பார்த்தது, ஒருத்தியின் ஆயாவின் அண்ணனை. கரைவலை இழுத்த குடும்பம். டர்பன் கரையில் வலை இழுத்த நம்மவர்களின் கதை ஒப்பந்தக் கூலி முடிந்து வெளியே வந்த காலத்திலிருந்து தொடங்குகிறது, இன்றும் ஜூன் ஜூலையில் மத்தி வரும்போது அந்தக் குடும்பங்கள் கரையில் நிற்கும். அவர் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசினார். "மீனைக் கொட்டுற எடத்துல இந்த வெள்ளைக் குருணையும் சேந்து கொட்டும் கண்ணு, பொறுக்கவும் முடியாது, விடவும் முடியாது" என்றார். "தாத்தா, எந்தக் கரையில அதிகம்?" என்று ஒரு பையன் கேட்டான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அத யாரு எண்ணுனா?" என்று திருப்பிக் கேட்டார். பிள்ளைகளின் திட்டம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது: யார் வேண்டுமானாலும் ஒரே முறையில் எண்ணக்கூடிய மலிவான ஒரு கருவிப் பை.

அரை மீட்டருக்கு அரை மீட்டர் மரச்சட்டம் ஒன்று, கொத்துக்கரண்டி, வாளி, டீ வடிகட்டி. அலை ஒதுக்கிய கோட்டில் சட்டத்தை வைத்து, மேல் மணலை வழித்து வாளியில் கடல் தண்ணீரோடு கலக்கினால் மணல் அடியில் தங்கும், பாலிஎதிலீன் மணி தண்ணீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் மேலே மிதக்கும். வடிகட்டியால் அள்ளி எண்ணிவிடலாம். முதலில் ஒரே இடத்தில் இரண்டு பேர் எண்ணினால் இரண்டு எண் வந்தது. ஒருவன் ஆழமாக வழிக்கிறான், ஒருத்தி மேலோடு வழிக்கிறாள். கொத்துக்கரண்டியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டார்கள், வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. ஒரு நடுவர் நேராக அதையேதான் கேட்டார், இரண்டு பேர் எண்ணினால் ஒரே எண் வருமா என்று. கரண்டியை எடுத்து நீட்டினார்கள். இன்னொருவர், தலைப்பு கடலை ஆராய்கிறவர்களின் சிரமத்தைப் பற்றியது, கரையில் குப்பை எண்ணுவது எப்படி அதில் வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்கள் ஒரே நாளில் எல்லாக் கரையிலும் இருக்க முடியாது, அவர்களுக்குக் கைகள் தேவை என்று அணித்தலைவி பதில் சொன்னாள். பதில் அவள் சொந்தமாகச் சொன்னது, யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

2024இல் நடுவர்கள் அறையில் மொத்தம் அரை மணி நேரம். ஐந்து நிமிடம் திட்டம், ஐந்து நிமிடம் அதைப் பற்றிய கேள்வி, அதே மாதிரி ரோபோ வடிவமைப்புக்கு ஐந்தும் ஐந்தும், அணிப் பண்புகளுக்குக் கொஞ்சம், கடைசியில் நடுவர்களே கருத்துச் சொல்வார்கள். கோச் வாயைத் திறக்கக்கூடாது. மதிப்பெண் தாளில் ஒவ்வொரு வரிக்கும் ஒன்றிலிருந்து நாலு வரை. அந்தத் தாள் முன்கூட்டியே எல்லோருக்கும் கிடைக்கிறது, அதை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம், நாங்கள் செய்தோம், மிகவும் உதவியது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு இந்த அறை பெரிய பயம்தான். ஆயா, தாத்தா, அத்தை, கிடைத்தவர்கள் முன்னாலெல்லாம் பேசிப் பழகினால் பயம் இறங்கிவிடும்.

அணிப் பண்புகள் என்பதை வெறும் அலங்காரமாக நினைக்கிறவர்கள் உண்டு. மேசையருகே ரெஃப்ரி பிள்ளைகள் நடந்துகொள்ளும் விதத்துக்கும் மதிப்பெண் போடுகிறார், ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டிலிருந்து நாலு வரை. எதிர் மேசை அணியோடு சேர்ந்து செய்கிற பணியும் உண்டு. 2024இல் நீர்மூழ்கியை அந்தப் பக்கம் அனுப்புவது. எங்கள் பிள்ளைகள் ஆட்டத்துக்கு முன்பே உம்லாசியிலிருந்து வந்திருந்த அணியிடம் போய், நீங்கள் எந்த நேரத்தில் அனுப்புவீர்கள் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அந்த அணியில் ஒரு கேபிள் பழுதானபோது எங்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மதியம் அந்தப் பிள்ளைகள் வந்து எங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள். சாட்ஸ்வர்த்துக்கும் உம்லாசிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊர், ஆனால் நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று பிரித்து வைத்தவை, பிள்ளைகள் சேர்ந்து உட்கார இடமே கிடையாது. இந்தப் போட்டி அந்த இடத்தைக் கொடுக்கிறது. எனக்கு இது ஒன்றே போதும், கோப்பை வராவிட்டாலும்.

இப்போது குறைகள். முதலாவது காசு. செட், கூடுதல் பாகங்கள் உள்ள விரிவாக்க செட், பதிவுக் கட்டணம், மேசை, போக்குவரத்து எல்லாம் கூட்டினால் ரேண்டில் ஐந்து இலக்கத்தைத் தொடும். ஒரு குடும்பம் தனியாகத் தாங்கக்கூடிய தொகையாக எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கோவிலில் காய்கறி பிரியாணி விற்றுச் சேர்த்தோம். மேசைக்குப் பணம் கொட்ட வேண்டாம், உள் அளவு சுமார் 2362க்கு 1143 மில்லிமீட்டர், தரையில் பலகையைச் சுற்றி அடித்தாலே பழகலாம். லெகோ 2021இல் நிறுத்திய ஈவி3 என்ற பழைய ரோபோ செட்டும் 2024 சீசனில் செல்லும் என்றுதான் இருந்தது, யாரிடமாவது பழையது இருந்தால் கேட்டு வாங்குங்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறும், வாங்கும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். செட்டை முன்கூட்டியே ஆர்டர் செய்யுங்கள், நாங்கள் வாங்கிய இடத்தில் பாகங்கள் வர ரொம்பத் தாமதமானது, பிள்ளைகள் அட்டையில் ரோபோ செய்து மேட்டில் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது நாள்காட்டி. வட அமெரிக்கப் பள்ளி ஆண்டுக்கு ஏற்ற மாதிரி ஆகஸ்டில் தொடங்குகிறது, நம் பிள்ளைகளுக்கோ அது ஆண்டின் பின்பாதி, நவம்பரில் இறுதித் தேர்வு. ஆடிக்கூழ் முடியும்போது தலைப்பு வருகிறது, புரட்டாசி விரதத்தில் உச்சகட்டப் பயிற்சி, தீபாவளியையொட்டிப் போட்டி. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மண்டபம் கோவிலுக்கே வேண்டும், நாங்கள் ஒரு வீட்டு கராஜுக்கு மாறினோம். பீன்ஸ் பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய நம் ஊர்ச் சாப்பாடு) வாங்கி வைத்தால் விரதம் இருக்கிற பிள்ளையும் இல்லாத பிள்ளையும் சேர்ந்து சாப்பிடலாம். 2024 மார்ச் கடைசியிலிருந்து நாடு முழுவதும் மின்வெட்டு நின்றிருந்தது பெரிய உதவி, இல்லாவிட்டால் சார்ஜ் போடவே தனிக் கால அட்டவணை வேண்டியிருந்திருக்கும். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளையை அந்த ஆண்டு சேர்க்காதீர்கள், வயது இடம் கொடுத்தாலும்.

மூன்றாவது பெரியவர்களின் கை. இதில் எனக்குக் கோபமே உண்டு. அப்பாக்கள் ரோபோவைக் கட்டுகிறார்கள், பிள்ளை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது. நடுவர்கள் இந்தப் பகுதியை யார் எழுதினீர்கள், இந்த எண்ணை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிற ஒரே கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிடும், அப்போது அவமானப்படுவது பிள்ளை. எங்கள் எலக்ட்ரீஷியன் மாமா ஒரு வழக்கம் வைத்திருந்தார், பயிற்சி நேரத்தில் இரண்டு கையையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கேள்வி கேட்பார், தொடமாட்டார்.

இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள், பேச்சுக்கும் திட்டத்துக்கும் மனமில்லை, புரோகிராமில்தான் ஆர்வம் என்றால் உலக ரோபோ ஒலிம்பியாட் பொருத்தமாக இருக்கும். அங்கே அணி என்றால் இரண்டு அல்லது மூன்று பேர். எட்டுப் பத்துப் பிள்ளைகள், வயது கலந்து, ஒருத்திக்கு வரைய வரும், ஒருவனுக்குப் பேச வரும், ஒருத்தி அமைதியாகச் சக்கரத்தைக் கவனிப்பாள் என்றால் இதுதான் சரி.

எங்களுக்கு அந்த ஆண்டு மேல் சுற்றுக்குப் போகும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. எட்டுப் பேரும் அடுத்த ஆண்டும் வருகிறேன் என்று பெயர் கொடுத்தார்கள். சேர நினைக்கிற மற்ற தமிழ் வகுப்புகளுக்கு, மெரிபேங்க், டோங்காட், ஃபீனிக்ஸ் எங்கே இருந்தாலும், ஒன்று சொல்கிறேன்: ஜூலையிலேயே பிள்ளைகளையும் இரண்டு பெரியவர்களையும் முடிவு செய்து செட்டை ஆர்டர் செய்துவிடுங்கள், தலைப்பு வந்த முதல் வாரம் ரோபோப் பெட்டியைத் திறக்காமல் திட்டத்துக்கு யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் பேசுங்கள். பழகிப் பார்க்க மேசை வேண்டுமென்றால் எங்கள் மண்டபத்துக்கு வரலாம், வெள்ளிக்கிழமை பூஜைக்கு மறுநாள் வந்தால் ஈரத்துணி கொண்டுவாருங்கள்.